சின்னத்துரையின் முடி

ஓசூர்க் கடைத்தெரு காந்தி செத்த அன்றைக்கு ஒருமுறை முழுசாக மூடியது. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் கழித்துச் சின்னத்துரை செத்த அன்றைக்கு ஒருமுறை மூடியது. நடுவில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கடைக்காரனும் அரைப் பலகைகூடச் சாத்தவில்லை. சின்னத்துரை ஒரு கரடி.

பெயர் ஊர் வைத்தது. பாகலூர் சாலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா இருந்தது. துரைக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. நான்கு மான், ஒரு மயில், இரண்டு குரங்கு, ஒரு நாய், தளிக் காட்டிலிருந்து யாரோ கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த கரடிக்குட்டி ஒன்று, இவ்வளவுதான் குடும்பம். சுதந்திரம் வந்ததும் துரை நாயை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மிச்சக் குடும்பத்தைப் பஞ்சாயத்து போர்டு எடுத்துக்கொண்டு, வாசலில் மிருகக்காட்சிச் சாலை என்று ஒரு பலகையை மாட்டியது. பெரிய துரை போய்விட்டார், பங்களாவில் இப்போது உட்கார்ந்திருக்கிறது இவன்தான், ஆகவே இவன் சின்னத்துரை.

உட்காருவதென்றால் சும்மா உட்காருவதில்லை. இரண்டு காலையும் முன்னால் நீட்டி, கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மத்தியானத்தில் உட்காருகிற மாதிரி உட்காருவான். வெல்லத்தைக் கண்டால் சூடான காப்பியை உறிஞ்சுகிற சத்தத்தோடு மூச்சை இழுப்பான். அந்தச் சத்தத்தைக் கேட்கவே பெங்களூர் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஐம்பத்தாறில் மொழிவாரியாக நாட்டைப் பிரித்தபோது, ஓசூர் மைசூரோடு போகுமா மதராஸோடு இருக்குமா என்று டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள்கூட ஒரு விஷயத்தில் ஒரே கட்சியாக இருந்தார்கள். தாலுகா எங்கே போனாலும் போகட்டும், கரடி இங்கேயே இருக்க வேண்டும்.

அவனைப் பார்த்துக்கொண்டவன் திம்மப்பன். துரை காலத்தில் குதிரைக்காரனாக இருந்தவன். குதிரைகள் போனபிறகு அந்த லாயத்திலேயே ஒரு மூலையைத் தடுத்து, பெண்சாதி நஞ்சம்மாவோடு குடியிருந்தான். அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்தால் கரடிக் கூண்டு. நஞ்சம்மா மூன்று பெற்றாள். மூன்றும் ஒன்றரை வயசைத் தாண்டவில்லை. மூன்றாவது செத்துப்போன அதே மாசத்தில்தான் கூடையில் கரடிக்குட்டி வந்தது. அவள் அதற்கு எதைக் கொடுத்து வளர்த்தாள் என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. ஆட்டுப்பால் என்றது ஒரு கட்சி. இன்னொரு கட்சி சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்சியில்தான் ஆள் அதிகம்.

குழந்தை தூக்கத்தில் வீரிட்டு அலறினாலோ, சீக்கில் துவண்டாலோ, கரடி முடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டு என்பது அந்தப் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வைத்தியம். முன்பெல்லாம் அதற்குக் கரடி வித்தைக்காரன் வரும்வரை காத்திருக்க வேண்டும். நஞ்சம்மாவின் மூன்றாவது பிள்ளை படுத்திருந்தபோது வித்தைக்காரன் கிருஷ்ணகிரிப் பக்கம் போயிருந்தான். ஆள் விட்டுத் தேடி, அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளை போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு முடி, ஒரே ஒரு முடி நேரத்துக்குக் கிடைத்திருந்தால் என்பது அவள் நெஞ்சில் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் கூண்டைக் கூட்டும்போது உதிர்ந்து கிடக்கிற முடியையெல்லாம் பொறுக்கி, கழுவி, ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொள்வாள். கேட்டு வருகிறவளுக்குக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். ஒன்பது வருஷம் அப்படியே போயிற்று. ஒருவருக்கும் நோகவில்லை, கரடிக்கும் நோகவில்லை.

அந்தப் புரட்டாசியில் ஊரில் கக்குவான் இறங்கியது. தெருவுக்குத் தெரு குழந்தைகள் இருமின. குமாஸ்தா வீட்டுச் சரோஜம்மாள் தன் இரண்டு வயசுச் சம்பங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு லாயத்து வாசலில் வந்து நின்றாள். சரோஜம்மாள் சேலத்துக்காரி. ஓசூரில் எதைக் கொடுத்தாலும் சேலத்தில் அதைவிட நல்லதாக இருக்கும் என்கிற ஆள்.

நஞ்சம்மா கொடுத்த முடியை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது கூட்டி எடுத்ததுதானே?"

"ஆமாங்கம்மா. காலையிலதான் எடுத்தேன். சுத்தமா கழுவியாச்சு."

"உதிர்ந்ததுல என்ன இருக்கும் நஞ்சம்மா? எங்க சேலத்துல உசுரோட இருக்கறப்பவே வேரோட புடுங்கித்தான் கட்டுவாங்க. வேர் இருந்தாத்தான் உசுரு இருக்கும். சீப்புல வர்ற முடியைக் கட்டினா கக்குவான் போவுமா?"

"புடுங்கினா நோவுமேம்மா அதுக்கு."

"ஒரு முடி. நாம தலை வாரறப்ப எத்தனை போவுது, ஒக்காந்து அழுவறமா?"

நஞ்சம்மா பதில் சொல்வதற்குள் சம்பங்கிக்கு இருமல் வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, பத்து. மூச்சு உள்ளே போகாமல் குழந்தையின் உதடு நாவல்பழம் மாதிரி ஆயிற்று. கடைசியில் கூவுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு காற்று உள்ளே போனது. நஞ்சம்மா உறியிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனாள். சின்னத்துரை நாக்கை நீட்டினான். அவன் வெல்லத்தில் இருக்கும்போது முதுகில் ஒரு முடியை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்தாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். எதிரே நிற்கிறது நஞ்சம்மா. ஆகவே ஒன்றுமில்லை என்று முடிவு செய்து மறுபடி வெல்லத்துக்குத் திரும்பிவிட்டான். முடியின் நுனியில் கசகசா அளவுக்கு வெள்ளையாக வேர் இருந்தது.

நான்கு நாளில் சம்பங்கிக்கு இருமல் தணிந்தது. எந்தக் கக்குவானும் ஆறு வாரத்தில் தானாகவே இறங்கும். அது ஆறாவது வாரம். அந்தக் கணக்கைப் போட ஊரில் யாருக்கும் நேரமில்லை. சரோஜம்மாள் கிணற்றடியில் சொன்னாள், கிணற்றடி சந்தையில் சொன்னது. கார்த்திகை பிறப்பதற்குள், திம்மப்பன் மானுக்குப் புல் அறுக்கப் போகிற நேரம் எது என்பது ஓசூர்ப் பெண்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவன் அரிவாளோடு முன்வாசலில் இறங்க, இவர்கள் பிள்ளைகளோடு பின்வாசலில் ஏறினார்கள். ஒன்று போதுமா என்று கேட்டவளுக்கு மூன்று. மூன்று வாங்கினவளின் நாத்தனாருக்கு ஒரு கொத்து. தருமபுரியில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அனுப்ப என்று ஒருத்தி. நஞ்சம்மா ஒருத்தியிடமும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பாள், மடியில் ஒரு குழந்தை இருமும், எழுந்து வெல்லம் எடுக்கப் போய்விடுவாள்.

சின்னத்துரையின் முதுகில் முதலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது. அப்புறம் தட்டு அகலம். அப்புறம் முறம். திம்மப்பன் அதைச் சொறி என்று நினைத்தான். வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவினான். சாம்பல் பூசினான். பக்கத்துக் கூண்டிலிருந்து பேன் வருகிறது என்று குரங்குகளைத் திட்டினான். அவன் திட்டும்போதெல்லாம் நஞ்சம்மா களி கிண்டுகிற துடுப்பை வேகமாகச் சுற்றினாள்.

ஒருநாள் அரிவாள் பிடி கழன்றுபோய் அவன் பாதி வழியில் திரும்பி வந்தான். பின்வாசலில் அப்போது யாரும் இல்லை. நஞ்சம்மா தானாகவே, ஆசைக்குத்தான், ஒரு துண்டு வெல்லத்தோடு கூண்டருகே போனாள். பாவம் இது என்று தோன்றி எடுத்துக்கொண்டு போன வெல்லம் அது. அவள் கையைப் பார்த்ததும் சின்னத்துரை எழுந்தான். முகத்தைக் கொண்டுவரவில்லை. திரும்பி, புண்ணாகிப் போன முதுகைக் கம்பியில் கொண்டுவந்து வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். வெல்லத்துக்கு முன்னால் முதுகைக் கொடுக்க வேண்டும் என்பதை அவன் கற்றுக்கொண்டிருந்தான்.

"யாரும்மே கத்துக் குடுத்தது இத?"

நஞ்சம்மா திரும்பினாள். திம்மப்பன் அரிவாள் ஒரு கையிலும் பிடி ஒரு கையிலுமாக நின்றிருந்தான்.

"கேக்கறன் இல்ல? வேப்பெண்ணெய் தடவிக்கினு கெடக்கறன் நானு, மடையன் மாதிரி. குரங்கத் திட்டிக்கினு கெடக்கறன். நீ பாத்துக்கினு கெடந்திருக்கற."

"இருமுற புள்ளயக் கொண்டாந்து மடியில போட்டா நான் இன்னாய்யா சொல்லுவேன்? எழுந்து போம்மேன்னு சொல்லவா?"

"சொல்லணும். செருப்பக் கழட்டிச் சொல்லணும்."

"நமக்கு மட்டும் அன்னிக்கு ஒருத்தன் குடுத்திருந்தான்னா..."

"அத இப்ப இழுக்காத."

"இழுப்பேன். என் வயித்துல இருந்து வந்தது, நாந்தான் இழுப்பேன்."

திம்மப்பன் பிடியைக் கீழே போட்டான். சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அவளுங்களுக்கெல்லாம் ஊடு நெறையப் புள்ள இருக்குது. நமக்கு இவன் ஒருத்தன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ இவனப் பிச்சு ஊருக்குப் பங்கு போட்டுட்ட."

அன்றோடு பின்வாசல் பூட்டப்பட்டது. சாவி திம்மப்பன் இடுப்பில். ஆனால் கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்துவிட்டது. ஓசூரின் மார்கழி தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. காலை ஒன்பது மணிவரை எதிர்வீடு இருக்கிறதா இல்லையா என்று பனிக்குள் கைவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கேழ்வரகுக் கதிரைக் களத்தில் கொட்டி மாடு கட்டி மிதிக்கிறவர்கள், மாட்டுக்குச் சாக்கு போர்த்தித்தான் மிதிப்பார்கள். அந்தக் குளிரில் சின்னத்துரை வெற்று முதுகோடு உட்கார்ந்திருந்தான். பிடுங்கின குழிகளில் சீழ் பிடித்தது. பிறகு அவனும் இருமினான். கரடி இருமுவது மனுஷக் குழந்தை இருமுகிற மாதிரியேதான் இருந்தது. அடுப்பங்கரையில் அதைக் கேட்டுக்கொண்டு நஞ்சம்மா அவரைக்காய் உரித்தாள். உரித்த பருப்பைக் குப்பையிலும் தோலைச் சட்டியிலும் போட்டாள்.

மாட்டு டாக்டர் வந்தார். கம்பி வழியே ஊசி போட்டார், முதுகைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுப்பா. புண்ணுல இருந்து ஒடம்பெல்லாம் விஷம் ஏறியிருக்கு. இது சொறி இல்ல. யாரோ புடுங்கியிருக்காங்க. யாரு?"

திம்மப்பன் நஞ்சம்மாவைப் பார்க்கவில்லை. "குரங்குங்க சாமி," என்றான்.

"கூண்டு தாண்டியா?"

"கை நீளங்க அதுங்களுக்கு."

டாக்டர் நம்பினாரோ இல்லையோ, ஊர் நம்பியது. சாயங்காலத்துக்குள் குரங்குகளுக்கு வேர்க்கடலை நின்றுபோயிற்று. மறுநாள் யாரோ கல்லால் அடித்துப் பெண் குரங்கின் காதைக் கிழித்துவிட்டார்கள். சின்னத்துரைக்கு வந்ததோ சீர்வரிசை. பதினேழு கம்பளி, இரண்டு மூட்டை வைக்கோல், ஒரு பானைத் தேன், மலைக்கோயில் விபூதி. தேர் வடம் பிடிக்கிற கூட்டத்தில் பாதி கூண்டைச் சுற்றி நின்று மூக்கைச் சிந்தியது. "எந்தப் பாவிக்குக் கை வந்துதோ!" என்று இடுப்பில் பிள்ளையோடு அழுதாள் ஒருத்தி. அந்தப் பிள்ளையின் அரைஞாணில் பளபளவென்று புதுத் தாயத்து. அவள் பொய்யாக அழவில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஒருத்தியும் பொய்யாக அழவில்லை. தான் வாங்கிப்போனது நான்கு முடி. நான்கு முடியிலா ஒரு கரடிக்குக் குளிரும்?

நாளையோ நாளை மறுநாளோ தாண்டிவிட்டால் பிழைப்பான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலை, சின்னத்துரை தேனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதினேழு கம்பளிக்கடியிலும் அவன் உடம்பு வெடவெடத்தது. நஞ்சம்மா வெகுநேரம் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள்.

"நான் போய்க் கேட்டு வாங்கியாறேன்."

"இன்னாத்த?" என்றான் திம்மப்பன். எட்டு நாளில் அவளோடு அவன் பேசிய முதல் பேச்சு அது.

"முடிய. இவன் உசுரு இப்ப ஊரெல்லாம் அரைஞாணுல தொங்குதுய்யா. எடுத்தாந்து இவன் கையில கட்டிட்டா நின்னுக்கும். ஒரு முடி ஒரு புள்ளயக் காப்பாத்தும்னா, பத்து இருபது முடி சேந்து இவன் ஒருத்தனக் காப்பாத்தாதா?"

திம்மப்பன் சிரித்தான். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

"போ. போய்க் கேளு. ஓசூரே வந்து மூக்கச் சிந்திட்டுப் போவுதே, ஆளுக்கொரு முடி குடுக்க மாட்டாளுங்களா? கூடை எடுத்துக்கினு போ, கையில கொள்ளாது."

கூடை எடுக்கவில்லையே தவிர, ஒரு மஞ்சள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் வீடு ரங்கம்மா. பஸ் நிற்கிற இடத்தில் இட்லிக்கடை வைத்திருந்தாள். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவாள். நஞ்சம்மாவைக் கண்டதும் அடுப்பிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ பாப, பாவம், எப்பிடி இருக்கான் நம்ம சின்னதொரை? ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லம்மா. நாலு இட்லி கட்டித் தரேன், சூடா ஊட்டு."

"இட்லி வாணாங்கா. பேரனுக்குக் கட்டின முடி இருக்குதே, அத ஒரு ரெண்டு நாளைக்குக் குடு. பெழச்சிக்கினான்னா நானே கொண்டாந்து கட்டிட்டுப் போறேன்."

ரங்கம்மா பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு அவசரமாக மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"அது... அவன் இன்னும் கனவுல ஒதறிக்கறாம்மா. நேத்துகூட."

"ரெண்டே நாளுக்கா."

"பேடம்மா. அத மட்டும் கேக்காத. இட்லி எத்தன வேணா கேளு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டு இட்லியை இலையில் கட்டி, வேண்டாம் என்றவளின் கையில் திணித்தாள்.

அடுத்த தெருவில் மூன்று வீடு. ஒருத்தி, தாயத்தை அவிழ்த்தால் மாமியார் கேட்பாள் என்றாள். ஒருத்தி, பிள்ளையைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றாள். பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து இருமிக் காட்டிக்கொடுத்தது. இன்னொருத்தி நிஜமாகவே அவிழ்க்கப் போனாள். முடிச்சில் கைவைத்ததும் பிள்ளை சும்மா அழுதது. எல்லாப் பிள்ளையும் அழுகிற அழுகைதான். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கதிர் மிதிக்கிற களத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். நஞ்சம்மா வருவதற்கு முன்னாலேயே அவள் எதற்கு வருகிறாள் என்கிற சேதி வந்துவிட்டிருந்தது. எல்லோரும் முறத்தைத் தூக்கித் தூற்ற ஆரம்பித்தார்கள். உமி பறக்கிற இடத்தில் யார் வாய் திறந்து பேச முடியும்?

சரோஜம்மாளாவது கொடுப்பாள் என்றுதான் அந்த வீட்டைக் கடைசியாக வைத்திருந்தாள். சம்பங்கி வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது. கன்னம் உப்பி, கண்ணில் மை வைத்து, இருமல் என்றால் என்னவென்று தெரியாத மாதிரி இருந்தது.

"கொழந்த நல்லாயிடுச்சேம்மா," என்றாள் நஞ்சம்மா. "இனிமே அதுக்கு எதுக்கு?"

"கட்டியிருக்கறதாலதான் நல்லாயிருக்கா."

"மொத முடி ஒங்களுக்குத்தாம்மா குடுத்தேன். நோவும்னு சொன்னேன்."

சரோஜம்மாளுக்கு முகம் சிவந்தது. "சொன்னே. நான் இல்லேங்கல. அதுக்காக? நான் வாங்கினது ஒரு முடி. ஊரெல்லாம் அள்ளிக் கொடுக்கச் சொல்லி நானா சொன்னேன்? கொடுத்தது உன் கை நஞ்சம்மா."

"ஆமாங்கம்மா. எங்கைதான்."

அந்தப் பதிலைச் சரோஜம்மாள் எதிர்பார்க்கவில்லை. அவள் குரல் இறங்கிவிட்டது.

"நீ பெத்து வளத்திருந்தா..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உன் இடத்துல நான் இருந்தா நானும் கேட்டுதான் வருவேன். என் இடத்துல நீ இருந்தா குடுப்பியா? நெஞ்சுல கை வச்சிச் சொல்லு."

நஞ்சம்மா யோசித்துப் பார்த்தாள். வீம்புக்கில்லை, நிஜமாகவே யோசித்தாள். கோழி கூரைமேல் ஏறிவிட்டது. சம்பங்கி அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது.

"குடுக்க மாட்டேம்மா," என்றாள். மஞ்சள் துணியை மடித்தபடியே திரும்பினாள்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம், கூலிக்காரர் குடிசைகளில் மாரம்மா என்று ஒருத்தி இருந்தாள். கல் உடைக்கப் போகிறவள். கார்த்திகையில் ஒருநாள் பின்வாசல் கூட்டத்தில் கடைசி ஆளாக நின்று, தன் மூன்று வயசு முனிராஜுக்கு என்று வாங்கிப்போனவள். அவளிடம் கேட்க நஞ்சம்மாவுக்கு வாய் வராது. கல் உடைக்கிறவளுக்கு வைத்தியமென்று இருப்பதே அந்த ஒரு முடிதான். அப்படியும் கால் கரையோரமாகவே போயிற்று. வேறு வீடு மிச்சமில்லை.

மாரம்மா குடிசைக்கு முன்னால் உட்கார்ந்து சுத்தியல் காம்பைச் சீவிக்கொண்டிருந்தாள். நஞ்சம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாக்கா. நானே வரலாம்னு இருந்தேன். கெட்ட ஊட்டுக்காரி, எப்பிடி வர்றதுன்னு இருந்துட்டேன்."

நஞ்சம்மாவுக்கு விளங்கவில்லை. குடிசைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு சின்னச் சட்டை கொடியில் கிடந்தது. பாய் சுருட்டியிருந்தது.

"எங்கம்மே முனிராஜு?"

"போயிட்டாங்க்கா. பதிமூணு நாளாச்சு. நாலு நாளு இழுத்துக்கினு கெடந்தான்." மாரம்மா சீவின காம்பை ஒருதரம் தடவிப் பார்த்துக் கீழே வைத்தாள். "ஒனக்கு யாரும் சொல்லலியா? ஏரி தாண்டி எந்தச் சேதி வருது, போவுது."

நஞ்சம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். இட்லி மூட்டை இன்னும் கையிலேயே இருந்தது. அதை மாரம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள். இரண்டு பேரும் கொஞ்சநேரம் ஏரியைப் பார்த்தார்கள். ஏரியில் பார்க்க ஒன்றுமில்லை.

மாரம்மா எழுந்து உள்ளே போய், கூரை இடுக்கிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். கருப்புக் கயிறு, அதில் ஒரு தகரத் தாயத்து.

"இதுக்குத்தான் நீ ஊடு ஊடாப் போறேன்னு கல்லு ஒடைக்கிற எடத்துல பேசிக்கினாங்க. குழியில எறக்கறப்ப நாந்தான் அவுத்து வச்சிக்கினேன். ஒங்கரடி சொத்தாச்சே, மண்ணுல போடக் கூடாதுன்னு." நஞ்சம்மாவின் கையை விரித்து அதில் வைத்து மூடினாள். "எடுத்துக்கினு போக்கா. எம்புள்ளைக்குத்தான் ஆவல. ஒம்புள்ளைக்காவது ஆவுதான்னு பாரு."

அவள் குரலில் கோபமில்லை. குத்தலும் இல்லை. இருக்கிறதா என்று நஞ்சம்மா அவள் முகத்தில் தேடிப் பார்த்தாள். ஏச்சு கேட்டிருந்தால் அதை வாங்கிக்கொண்டு அழுதிருப்பாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தத் தகரம் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டே வந்தது. இந்த முடியும் வேரோடு வந்த முடிதான். அவளே விரலில் சுற்றி இழுத்தது. கட்டியிருந்த பிள்ளை போய்விட்டது. அப்படியென்றால் சம்பங்கி தானாகப் பிழைத்தது. ரங்கம்மாவின் பேரன் தானாகப் பிழைப்பான். அப்படியென்றால் அவளுடைய மூன்றாவதுக்கு, வித்தைக்காரன் நேரத்துக்கு வந்திருந்தாலும்... ஏரி மதகுவரை வந்ததும் அவள் நின்றாள். கையிலிருந்ததைத் தண்ணீரில் போட்டுவிடலாமா என்று பார்த்தாள். இத்தனை வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு முடி எழுந்து போய்விட்டது. அது போன இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியில் சின்னத்துரை முதுகைக் கம்பியில் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான்.

கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. திம்மப்பன் உள்ளே வைக்கோலில் உட்கார்ந்து சின்னத்துரையின் தலையை மடியில் வைத்திருந்தான். பக்கத்தில் கரி அடுப்பு. கரடியின் மூச்சு இழுத்து இழுத்து, எண்ணி எண்ணி வந்தது. காலையில் கூடை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நையாண்டி பேசின ஆள் இப்போது அவள் கையைத்தான் முதலில் பார்த்தான்.

"எத்தனம்மே கெடச்சுது?"

"ஒண்ணு."

"ஒண்ணா! அத்தன ஊட்டுலயும்?" அவன் கத்தவில்லை. "சரி. ஒண்ணாவது. யாரு குடுத்தா?"

"ஏரிக்கரை மாரம்மா."

"எந்தக் கொழந்தையோடது? கட்டினது பலிச்சுதாமா?"

திம்மப்பன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். எட்டு நாள் பார்க்காத கண். சிவந்து, தூக்கமில்லாமல், ஒரு பதிலுக்காகத் திறந்திருந்தது. நஞ்சம்மா வைக்கோலில் மண்டியிட்டாள். சின்னத்துரையின் முன்னங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகமெல்லாம் சில்லிட்டிருந்தது.

"அவ பையனோடது. முனிராஜு. நல்லா ஆயிட்டானாம்யா. ஓடியாடி வெளையாடறான். இனிமே இது எதுக்கு, எடுத்துக்கினு போன்னு குடுத்துட்டா."

"பாத்தியா!" என்றான் திம்மப்பன். முகமெல்லாம் ஒருதரம் விரிந்து சுருங்கியது. சின்னத்துரையின் காதுப்பக்கம் குனிந்து, "கேட்டியாடா தொரை? அந்தப் பையன் ஓடறானாம்டா," என்று சொன்னான். பிறகு அவளிடம், "வெளக்கு வக்கறதுக்குள்ள கட்டு. நல்லா இறுக்கிக் கட்டும்மே, நழுவிடப் போவுது," என்றான்.

மூன்று வயசு இடுப்புக்கு அளந்த கயிறு. கரடியின் மணிக்கட்டுக்கு அது சரியாக இருந்தது. நஞ்சம்மா ஒரு முடிச்சு போட்டாள். அவன் பார்த்துக்கொண்டிருந்ததால், மேலே இன்னும் இரண்டு போட்டாள்.